நாளுக்கு 60 யூரோ: ஏதென்ஸ் பயணக் குறிப்புகள்

ஜூன் 28, 2015, ஞாயிறு

தை மாதமே டிக்கெட் போட்டாயிற்று. ஆக்ரோபோலிஸ், டெல்ஃபி, முடிந்தால் ஒரு தீவு என்று நானும் வீட்டம்மாவும் போட்ட கணக்கு ஒன்று, வந்து இறங்கியிருக்கும் ஏதென்ஸ் வேறொன்று. வெள்ளி நள்ளிரவு தாண்டியதும் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸ் டிவியில் வந்தார். கடன் கொடுத்தவர்கள் நீட்டும் நிபந்தனைகளை ஏற்பதா வேண்டாமா என்பதை ஜூலை 5-ஆம் தேதி மக்களே வாக்களித்துச் சொல்லட்டும் என்றார். இன்று அதிகாலை நாடாளுமன்றம் 178-க்கு 120 என்ற கணக்கில் அதற்குத் தலையசைத்துவிட்டது.

நேற்றிலிருந்தே ஏடிஎம் வாசல்களில் வரிசை. ஆயுளில் பாதிக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். வரிசையைப் பார்த்தால் அதன் குணம் தெரியும். சம்பளநாள் வரிசை சலசலவென்று இருக்கும். இங்கே யாரும் முண்டியடிக்கவில்லை, பேச்சும் இல்லை. முன்னால் நிற்பவர் எடுத்துவிட்டுத் திரும்பும்போது எல்லோருடைய கண்ணும் அவர் கைக்குப் போகிறது, நோட்டு வந்ததா இல்லையா என்று. வந்திருந்தால் வரிசை ஓரடி நகர்கிறது. வராவிட்டால் ஆட்கள் சத்தமில்லாமல் கலைந்து அடுத்த தெரு மெஷினுக்கு நடக்கிறார்கள்.

மாலையில் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து செய்தி. கிரேக்க வங்கிகளுக்குத் தரப்படும் அவசரக் கடனின் உச்சவரம்பை ஐரோப்பிய மத்திய வங்கி வெள்ளிக்கிழமை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டது. கிட்டத்தட்ட 89 பில்லியன் யூரோ. வங்கிக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிப்ரவரியிலேயே கிரேக்க அரசின் பாண்டுகளை, அதாவது கடன் பத்திரங்களை, வழக்கமான கடனுக்கு ஈடாக ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றுமுதல் இந்த வங்கிகள் ஓடியதே அவசரக் கடனில்தான். மக்கள் டெபாசிட்டை எடுக்க எடுக்க வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டு வந்தார்கள். அது நின்றால் மறுநாள் காலை ஷட்டரைத் தூக்க முடியாது.

நினைத்தபடியே இரவு அறிவிப்பு வந்தது: நாளை முதல் வங்கிகள் மூடல், பங்குச் சந்தையும் மூடல்.

ஜூன் 29, திங்கள்

ஆளுக்கு, அதாவது கார்டுக்கு, நாளொன்றுக்கு 60 யூரோ. வெளிநாட்டு வங்கிக் கார்டுகளுக்கு இந்த வரம்பு இல்லையாம். நல்லதுதான், ஆனால் மெஷினில் நோட்டு இருந்தால்தானே. கோவையில் கிளம்பும்போதே வீட்டம்மா பிடிவாதமாகப் பத்தும் இருபதுமாக யூரோ மாற்றி வைத்துக்கொண்டார். "ஏனுங்க, அன்னைக்கு என்னமோ சிரிச்சீங்களே, இப்பச் சிரிங்க பாக்கலாம்" என்று காலையிலிருந்து நாலைந்து தடவை கேட்டாயிற்று.

தங்கியிருப்பது ஆக்ரோபோலிஸ் அடிவாரத்தில் கூகாகி என்ற பகுதியில், ஒரு சின்ன விடுதி. ஐம்பது வயதிருக்கும் உரிமையாளருக்கு. முடிந்தால் வாடகையைக் கையில் கொடுங்கள் என்று கூச்சத்தோடு கேட்டார். கார்டில் தேய்த்தால் அந்தப் பணம் அவர் கணக்கில் ஏறும், ஏறியபின் அதில் நாளுக்கு 60 தான் வெளியே வரும். முட்டைக்காரருக்கும் சலவைக்காரருக்கும் அவர் எதைக் கொடுப்பார்?

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும். மூனிக்கில் ஒருவர் கணக்கில் இருக்கும் 1,000 யூரோவும், இவர் கணக்கில் இருக்கும் 1,000 யூரோவும் பெயரளவில் ஒன்று. அவர் எடுத்துச் செலவழிக்கலாம், இவரால் முடியாது. வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. இதற்கு முன் 2013-இல் சைப்ரஸில் இது நடந்தது. அதற்கும் வேர் இங்கேதான். 2012-இல் கிரேக்க பாண்டு வைத்திருந்த தனியாருக்கு முகமதிப்பில் 53.5 சதவீதம் வெட்டு விழுந்தது. அந்தப் பாண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருந்த சைப்ரஸ் வங்கிகள் மறு வருஷம் படுத்துவிட்டன.

பின்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கம் 2001-இல் யூரோவில் சேர்ந்தது, ஒரு யூரோவுக்கு 340.75 டிராக்மா. தொண்ணூறுகளில் இரட்டை இலக்க வட்டியில் கடன் வாங்கிப் பழகிய அரசுக்கு ஜெர்மனி வாங்குகிற வட்டியை ஒட்டிக் கடன் கிடைக்க ஆரம்பித்தது. கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை, பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு பாண்டுகளை வாங்கின. 2009 அக்டோபரில் வந்த புதிய அரசு கணக்கைத் திறந்து பார்த்து, பட்ஜெட் பற்றாக்குறை முன்னே சொன்னதைப் போல இரு மடங்கு என்றது. யூரோ விதிப்படி அது நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதம் தாண்டக் கூடாது. 12.7 என்றார்கள், திருத்தித் திருத்திக் கடைசியில் 15-ஐத் தாண்டியது. 2010 மே மாதம் 110 பில்லியன் மீட்புக் கடன், அதற்குப் பின் இரண்டாவது மீட்புக் கடன், கூடவே செலவில் வெட்டு மேல் வெட்டு. குறைந்தபட்ச ஊதியம் 751-லிருந்து 586 யூரோ ஆனது. பொருளாதாரம் நாலில் ஒரு பங்கு சுருங்கியது. வருமானம் சுருங்கச் சுருங்கக் கடனின் பாரம் விகிதத்தில் ஏறிக்கொண்டேதான் போகும். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமலா கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூலை 1, புதன்

நேற்று நள்ளிரவோடு சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப்.புக்குக் கட்ட வேண்டிய சுமார் 1.5 பில்லியன் யூரோ தவணை தவறிப்போனது. வளர்ந்த நாடு ஒன்று ஐ.எம்.எஃப்.புக்குத் தவணை தவறுவது இதுவே முதல் தடவை.

ஏடிஎம் கார்டே இல்லாத பென்ஷன்காரர்களுக்காக இன்று சுமார் ஆயிரம் கிளைகளை மட்டும் திறந்தார்கள். ஆளுக்கு 120 யூரோ. குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி மூன்று நாளுக்குப் பிரித்திருக்கிறார்கள். காலை நடையில் ஒரு கிளை வாசலைக் கடந்தோம். நவம்பர் மாதம் நம்மூரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வரும் கூட்டம் போலத்தான், அதே கைத்தடி, அதே பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த பாஸ்புக். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளிருந்து ஒரு பெண் ஊழியர் கையில் தாளோடு வந்து எழுத்துகளைக் கூவினார். அவர் கூவிய எழுத்தில் தன் பெயர் இல்லாத பெரியவர் ஒருவர் அடையாள அட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அந்தப் பெண் அதை வாங்கிப் படித்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். நாளைக்கு வாருங்கள் என்பதை எந்த மொழியில் சொன்னாலும் எனக்குத் தெரியும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். பெரியவர் போகவில்லை. பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

இதே ஜூலை 1-ஆம் தேதி, 1991-இல், நான் கிளையில் உட்கார்ந்திருந்தபோது ரூபாயின் மதிப்பைக் குறைத்த செய்தி வந்தது. 3-ஆம் தேதி மறுபடி ஒரு குறைப்பு. 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பி இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்ததும் அந்த வருஷம்தான். அவமானம் என்று பேசிக்கொண்டோம். ஆனால் ஒரு கிளையும் மூடவில்லை. ரூபாயை அச்சடிப்பதும் விலை வைப்பதும் நம் கையில் இருந்தன. நமக்கு இல்லாமல் போனது டாலர் மட்டும். கிரேக்கம் தன் கடைத்தெரு நோட்டுக்கே ஃப்ராங்க்ஃபர்ட்டின் அனுமதியைப் பார்க்க வேண்டும். நாணயத்தின் மதிப்பைக் குறைக்க முடியாத நாடு வேறு எதைக் குறைக்கும்? சம்பளத்தையும் பென்ஷனையும்தான்.

வங்கி மூடியிருக்கும்வரை பஸ், மெட்ரோ, டிராம் எல்லாம் இலவசம். வீட்டம்மா டிராமில் கடற்கரை வரை போய்வந்தார்.

ஜூலை 2, வியாழன்

பானெபிஸ்திமியூ தெருவில் நாணய அருங்காட்சியகம். டிராய் நகரைத் தோண்டிய ஹைன்ரிக் ஷ்லீமானின் மாளிகைதான் அது. தரையில் மொசைக், கூரையில் ஓவியம், கண்ணாடிக்குள் வரிசை வரிசையாக வெள்ளிக் காசு. பழைய ஏதென்ஸ் காசில் இருக்கும் ஆந்தையைத்தான் இன்றைய கிரேக்க 1 யூரோ நாணயத்திலும் பொறித்திருக்கிறார்கள். பையிலிருந்த ஒரு காசை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். காவலர் கண்டுகொள்ளவில்லை.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் தன் கூட்டணி ஊர்கள் எல்லாம் தன்னுடைய காசு, எடை, அளவையே பயன்படுத்த வேண்டும் என்று ஆணை போட்டிருக்கிறது. கூட்டணியின் கஜானா முதலில் டெலோஸ் தீவில் இருந்தது, கி.மு. 454-இல் அதையும் ஏதென்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காசை வெளியிடுகிறவன் கஜானாவையும் வைத்திருந்தான், மற்றவர்கள் கப்பம் கட்டினார்கள். அடாவடிதான், ஆனால் யார் கையில் எது என்பதில் குழப்பம் கிடையாது.

கிரேக்கம் ஒரு பொது நாணய ஏற்பாட்டில் சேர்வதும் இது முதல் தடவை இல்லை. பிரான்சின் தலைமையில் 1865-இல் அமைந்த லத்தீன் நாணய ஒன்றியத்தில் 1868-இல் சேர்ந்தது. 1893-இல் பிரதமர் திரிகூபிஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து, துரதிர்ஷ்டவசமாக நாம் திவாலாகிவிட்டோம் என்று சொன்னதாக இன்றும் இங்கே பள்ளிப்பிள்ளைகூடச் சொல்கிறது. நாலு வருஷம் கழித்து துருக்கியோடு போர், தோல்வி, நஷ்ட ஈடு. 1898-இல் ஆறு வல்லரசுகளின் பிரதிநிதிகள் ஏதென்ஸில் வந்து உட்கார்ந்து வரியை நேரே கடனுக்கு எடுத்துக்கொண்டார்கள்: உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சீட்டுக்கட்டு, சிகரெட் தாள், பிறகு பிரேயஸ் துறைமுகச் சுங்கம். விடுதிக்காரர் இதைச் சொல்லும்போது போன வாரம் நடந்ததைப் போலக் கோபப்பட்டார். இப்போது கடன் கொடுத்துக் கணக்குப் பார்க்க வருகிற மூவர் குழுவும் (ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, ஐ.எம்.எஃப்.) அவர் கண்ணுக்கு அதன் பேரப்பிள்ளைகள்தான்.

ஜூலை 3, வெள்ளி

காலை உணவு மேஜையில் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஆசிரியத் தம்பதி. கிரேக்கரைப் பற்றிப் பரிதாபமாக ஏதோ சொன்னேன். அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் சம்பளமும் பென்ஷனும் இவர்களுடையதைவிடக் குறைவு, எங்கள் வரிப்பணத்தில் இவர்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறோம், இப்போது அதை வேண்டாம் என்று ஓட்டுப் போடப் போகிறார்களாம் என்றார். அவர் சொல்வதில் சூடு இருக்கிறது. 2011 அக்டோபரில் யூரோ மீட்பு நிதியைப் பெரிதாக்கும் ஓட்டெடுப்பில்தான் ஸ்லோவாக்கியாவில் இவெட்டா ராடிசோவாவின் அரசே கவிழ்ந்தது. பின்லாந்து அடமானம் கேட்டு வாங்கியது. இங்கே ஜனநாயகம் பேசுகிறார்கள். அங்கேயும் வாக்காளர்கள் இருக்கிறார்கள், 18 நாடுகளில்.

இந்த இடத்தில் எனக்கு நம் நிதிக் குழு ஞாபகம் வந்தது. ரூபாயும் ஒரு நாணய ஒன்றியம்தான். தமிழ்நாட்டுக்கும் பீகாருக்கும் ஒரே நோட்டு, ஒரே ரிசர்வ் வங்கி. பிப்ரவரியில் வெளியான 14-ஆவது நிதிக் குழு அறிக்கையில் மாநிலங்களுக்கான வரிப் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு 4.969-லிருந்து 4.023 சதவீதமாக இறங்கியது. நாம் கத்தினோம், இன்னும் கத்துவோம், கத்தவும் வேண்டும். ஆனால் அந்தச் சண்டை நடப்பதற்கு ஒரு பொதுக் கஜானா இருக்கிறது. டெல்லி கொடுப்பதைப் பாட்னா வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பாட்னா அரசு கடனில் தத்தளித்தாலும் அங்கே ஏடிஎம் மூடாது. யூரோவில் நோட்டு பொது, மத்திய வங்கி பொது. வரி, பென்ஷன், கடன், வங்கிக்கு முட்டுக்கொடுப்பது எல்லாம் அவரவர் பாடு. ஒரு நாட்டின் கடனுக்கு இன்னொரு நாடு பொறுப்பாகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால் உதவி என்பது எப்போதும் கடனாகத்தான் வருகிறது. கடன் என்று வந்துவிட்டால் மேஜையின் இரு பக்கமும் மரியாதை போய்விடும். தம்பதியிடம் இதை அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டார்: உங்கள் ஊரில் கொடுக்கிறவர்கள் சந்தோஷமாகக் கொடுக்கிறார்களா? இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

சாயந்திரம் இரண்டு கூட்டம். 'வேண்டாம்' அணி சிண்டக்மா சதுக்கத்தில், 'சரி' அணி பழைய பளிங்கு ஒலிம்பிக் மைதானத்தில். நடுவே கால் மணி நேர நடைதான். இரண்டையும் பார்த்தோம். சிண்டக்மாவில் இளைஞர்கள் கூட்டம், சிப்ராஸ் பேசினார். மைதானத்தில் சற்று வசதியான முகங்கள், ஐரோப்பியக் கொடிகள். அடிதடி என்று பெரிதாக எதையும் நாங்கள் பார்க்கவில்லை. நேற்று வெளியான ஐ.எம்.எஃப். அறிக்கையும் கிரேக்கத்துக்கு இன்னும் 50 பில்லியனுக்கு மேல் தேவை, கடனைக் குறைக்காமல் தீராது என்கிறது. நாம் தவணை பாக்கி வைத்த வங்கியின் மேலாளரே வந்து உன் கடனை அடைக்க முடியாதப்பா என்று சொன்ன கதை.

ஜூலை 4, சனி

ஏகினா தீவு. பிஸ்தா பருப்பு, நீலக் கடல், மலைமேல் அஃபாயா கோயில். கடைக்காரர் கார்டு வேண்டவே வேண்டாம் என்றார். இருபது யூரோ நோட்டு ஊரில் தீர்ந்துவிட்டதால் பல மெஷின்களில் 60 என்பது இப்போது 50 ஆகிவிட்டது என்று அவர்தான் சொன்னார். இன்று இவ்வளவு போதும்.

ஜூலை 5, ஞாயிறு

விடுதிக்காரர் காலையிலேயே குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். வாக்குச் சீட்டின் படத்தைக் கியோஸ்க்கில் தொங்கிய பத்திரிகையில் பார்த்தேன். ஜூன் 25-ஆம் தேதி மூன்று அமைப்புகளும் வைத்த இரண்டு ஆவணங்களை ஏற்கிறீர்களா என்பது கேள்வி. 'ஏற்கவில்லை' மேலே, 'ஏற்கிறேன்' கீழே. அந்த இரண்டு ஆவணங்களையும் படித்தவர் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? அதோடு அவை சேர்ந்திருந்த கடன் திட்டமே ஜூன் 30-உடன் காலாவதி. இல்லாத ஒன்றை ஏற்பதா என்று கேட்டு ஓட்டெடுப்பு. அது எல்லோருக்கும் தெரியும். மக்கள் ஓட்டுப் போட்டது கடந்த ஐந்து வருஷமாக விழுந்த வெட்டுகளைப் பற்றி.

இரவு முடிவு: 61.3 சதவீதம் வேண்டாம். சிண்டக்மாவில் ஆட்டம் பாட்டம். எதிர்க்கட்சித் தலைவர் சமாராஸ் கட்சிப் பதவியை விட்டார். விடுதிக்காரர் என்ன போட்டார் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: வேண்டாம் என்று போட்டேன், யூரோ மட்டும் போகாமல் இருந்தால் சரி. இந்த ஊரில் பெரும்பாலானோர் மனசு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூலை 6, திங்கள்

வென்ற அணியின் நிதியமைச்சர் யானிஸ் வரூஃபாகிஸ் காலையிலேயே ராஜினாமா. மற்ற நாட்டு அமைச்சர்கள் அவர் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை என்று தெரிந்துகொண்டாராம். அவர் இடத்துக்கு யூக்ளிட் சகலோட்டோஸ். சாயந்திரம் ஃப்ராங்க்ஃபர்ட்: அவசரக் கடன் வரம்பு அதேதான், ஈடாக வைக்கும் பத்திரங்களின் மதிப்பில் கழிவை மட்டும் மாற்றியிருக்கிறோம். அதாவது ஈட்டுக்கு மார்ஜின் போடுவது இன்னும் கடுமை. அடகுக் கடன் கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்த வரியின் அர்த்தம் தெரியும். 61 சதவீதத்துக்கு வந்த பதில் அதுதான். வங்கிகள் இன்னும் திறக்கவில்லை.

ஜூலை 14, செவ்வாய், கோவை

டெல்ஃபியைத் தனிப் பதிவாகப் போடுகிறேன். அதை இதோடு கலக்க மனசில்லை.

ஞாயிறு மாலை பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்த யூரோ நாட்டுத் தலைவர்கள் நேற்றுக் காலைதான் எழுந்தார்கள், 17 மணி நேரம். மூன்றாவது கடன், 82-லிருந்து 86 பில்லியன் வரை. பதிலுக்கு விற்பனை வரியையும் பென்ஷனையும் மாற்றும் சட்டங்கள் நாளைக்குள் நிறைவேற வேண்டும். மக்கள் வேண்டாம் என்றதைவிடக் கடுமையான நிபந்தனை. அரசுச் சொத்துகளை விற்று 50 பில்லியன் திரட்ட ஒரு நிதியம். அதை லக்சம்பர்க்கில் வைப்பதாக முதலில் பேச்சு, பெரிய மல்லுக்கட்டுக்குப் பின் ஏதென்ஸிலேயே இருக்கட்டும் என்றார்கள். விடுதிக்காரர் 1898-ஐ மறுபடி எடுத்திருப்பார்.

எனக்கு அதைவிட உறுத்துவது, ஜெர்மன் நிதியமைச்சர் ஷாய்ப்லவின் தரப்பிலிருந்து வந்த தாளில் இருந்த இன்னொரு யோசனை: கிரேக்கம் குறைந்தது ஐந்து வருஷத்துக்கு யூரோவிலிருந்து ஒதுங்கியிருக்கட்டும். பிரான்சும் இத்தாலியும் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் விழுந்துவிட்டது. இத்தனை வருஷமாக யூரோவில் நுழைந்தால் திரும்ப வழியில்லை என்பதுதான் அதன் பலமாகச் சொல்லப்பட்டது. ஒப்பந்தத்திலும் வெளியேறும் வழி எழுதப்படவில்லை. இப்போது உறுப்பினர்களில் மிகப் பெரியவரே தாளில் எழுதிக் காட்டிவிட்டார். அடுத்த முறை போர்ச்சுகலிலோ இத்தாலியிலோ அரசு தடுமாறினால், அங்கே டெபாசிட் வைத்திருப்பவர் அந்தத் தாளை மனசில் வைத்துக்கொண்டுதான் ஏடிஎம்முக்கு நடப்பார், வரிசை உருவாவதற்கு முன்பாகவே.